படகின் பின்பலகைக்குள் எதை வைப்பது: மரைன் பிளைவுட்டா, நுரைப் பலகையா?

நாகைக்கரை: எங்கள் ஃபைபர் படகில் எஞ்சின் மாட்டும் பின்பலகை போய்விட்டது. 9.9 எச்.பி. அவுட்போர்டு. எஞ்சினைத் தூக்கும்போது பலகையே அசைகிறது. சுத்தியலால் தட்டினால் கீழ்ப்பாதியில் மந்தமான சத்தம். துளையிட்டுப் பார்த்தேன், கறுத்த ஈரத் தூள் வந்தது. உள்ளே உள்ளதை முழுவதும் வெட்டி எடுக்கப்போகிறோம். பட்டறையில் மறுபடியும் பிளைவுட் என்கிறார்கள். மைத்துனரோ, கண்ணாடி இழை கலந்த பாலியூரித்தேன் நுரைப் பலகை போடச் சொல்கிறார். எதைப் போடுவது?

மேஸ்திரி: மரம்தான், தம்பி. ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள 18 மி.மீ. பலகை இரண்டை எபாக்சியால் (இரண்டு பாகம் கலந்து இறுகும் ரெசின் பசை) ஒட்டினால் 36 மி.மீ. கிடைக்கும். எஞ்சின் கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் நசுங்காது. அதே தடிமனில் நுரைப் பலகை இதைவிட அதிகமாக வளையும்.

அலைவாய்: மேஸ்திரி அண்ணே, இப்போது மக்கிக் கிடப்பதும் பிளைவுட்தானே? அந்த முத்திரைக்கான சோதனையில் 72 மணி நேரம் கொதிநீரில் பிரியாமல் இருப்பது பலகையின் அடுக்குகளை ஒட்டும் பசையின் குணம். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டித் தங்கினால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். நுரைப் பலகையில் பூஞ்சைக்குத் தின்ன ஒன்றுமில்லை. எடையும் குறைவு.

மேஸ்திரி: ஐ.எஸ். 710 பலகைக்குப் பூஞ்சை மருந்து ஏற்றியிருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. பழைய படகுகளில் பலவற்றில் சாதாரண பிளைவுட்டை வைத்து மூடியிருக்கிறார்கள், பழி மரத்தின்மேல் விழுகிறது. எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்பலகை சுமார் 120 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் என்றால் மிச்சமாவது நான்கைந்து கிலோ. ஒரு கேன் பெட்ரோல்கூட அதைவிட அதிகம். அதற்காகப் பல மடங்கு விலை கொடுத்து இறக்குமதிப் பலகை வாங்குவதா?

ரெசின் கடை: இரண்டு பேரும் நடுப்பலகையைப் பற்றியே பேசுகிறீர்கள். வளைக்கும் விசையைப் பெரும்பாலும் தாங்குவது இருபுறமும் உள்ள ஃபைபர் தோல். நுரைப் பலகை என்றால் அந்தத் தோலைக் கூட்டியாக வேண்டும். இலேசான பி.வி.சி. நுரையை மட்டும் யாரும் அங்கே வைத்துவிடாதீர்கள், போல்ட்டுக்குக் கீழே அமுங்கிவிடும்.

இன்னொன்று, எபாக்சியோடு வழக்கமான மேட் (துண்டு இழைகளை ஒட்டிச் செய்த கண்ணாடி இழை விரிப்பு) போடாதீர்கள். மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவது. பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் உண்டு, எபாக்சியில் இல்லை. மேட் விறைத்தபடி நிற்கும், மூலைகளில் படியாது. தைத்த பையாக்சியல் துணி (இரண்டு திசையில் இழை ஓடும் கண்ணாடி இழைத் துணி) வாங்குங்கள். இறுகிய எபாக்சியின்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட்டும் (ஃபைபர் படகின் வழவழப்பான மேல்பூச்சு) சரியாகப் பிடிக்காது. உள்பக்கத்துக்குப் பெயின்ட் போதும்.

நாகைக்கரை: மரம் போட்டால் போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்காதா?

மேஸ்திரி: துளையைப் பெரிதாகப் போட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் அடைத்து, இறுகியபின் நடுவில் போல்ட் அளவுக்குத் துளையிடுங்கள். போல்ட்டைச் சுற்றி எபாக்சி மட்டும் இருக்கும். மரத்தைத் தண்ணீர் தொடவே வழியில்லை. வடிகால் துளைக்கும் இதே முறைதான். பலகையின் விளிம்புகளையும் எபாக்சியால் நன்றாக ஊறவைத்து மூடுங்கள், தண்ணீரை அதிகம் குடிப்பது வெட்டு முனைதான்.

அலைவாய்: அண்ணன் கையால் போடும் துளைகளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நாளை மீன் தேடும் கருவிக்கு யாரோ இரண்டு ஸ்க்ரூ முடுக்குவார்கள். அந்தத் துளைக்கு எபாக்சி ஊற்றப்போவது யார்? மணலில் ஏற்றி இறக்கும் படகில் கீழ்விளிம்புத் தோல் தேய்ந்து விரிசல் விடும். அப்போதும் மரத்துக்குள் தண்ணீர் போகும். உள்ளே நடப்பது வெளியே தெரியாது. ஒரு நாள் நடுக்கடலில் எஞ்சின் பலகையோடு பெயர்ந்து போனால் கரை சேர்வது எப்படி? அந்த வேளையில் விலை வித்தியாசத்தைப் பேச முடியாது.

மேஸ்திரி: அந்த விரிசல் நுரைப் பலகைப் படகிலும் விழும், தம்பி. தோல் பலகையை விட்டுப் பிரிந்தால் அங்கும் வலு போய்விடும். அதையும் அவ்வப்போது தட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

அலைவாய்: பார்க்கத் தவறினால் மரம் மன்னிக்காது என்பதுதான் என் வாதம்.

நாகைக்கரை: நுரைப் பலகைக்கு இப்போது கையில் பணம் இல்லை. முத்திரையுள்ள பிளைவுட், எபாக்சி, பையாக்சியல் துணி என்று முடிவு செய்துவிட்டேன். மீன் தேடும் கருவிக்காகத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கட்டையை வெளியே ஒட்டிவிடுகிறேன், ஸ்க்ரூ அதற்குள் மட்டும் போகட்டும். எந்தப் பசை அதைப் பிடிக்கும்?

ரெசின் கடை: எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்லுங்கள். பாலிஎத்திலீன் என்றால் எபாக்சி பிடிக்காது. இறுகிய ஃபைபர் துண்டுகளை அடுக்கி ஒட்டிக் கட்டையாக்குங்கள்.