எந்தப் பாறை உருளும் என்று முன்கூட்டியே தெரிந்தது எப்படி?

சின்ன வயதில் கார்ட்டூன் பார்த்த பலரும் இதைக் கவனித்திருப்பார்கள். வரிசையாக நிற்கும் பாறைகளில் ஒன்று மட்டும் வெளிறிப்போய், ஓரத்தில் கறுப்புக் கோட்டோடு இருக்கும். உருளப்போவது அதுதான். அந்தக் காலத்தில் பின்னணியைத் தாளில் தூரிகையால் நிழல் கொடுத்துத் தீட்டுவார்கள். அசைகிற பொருளுக்கு மட்டும் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் செல் (cel) தாள்: முன்பக்கம் கோடு, பின்பக்கம் ஒரே தட்டையான வண்ணம். இரண்டின் தோற்றமும் ஒட்டவே ஒட்டாது. செல்லை அடுக்க அடுக்க அடியில் இருப்பது மங்கும் என்பதால், கீழடுக்குக்கான வண்ணத்தைச் சற்று வெளிறக் கலப்பார்கள். கலவை தப்பினால், தனித்தனிச் செல்லில் இருக்கும் தலை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம்.

*

யோகி கரடியின் கழுத்துப் பட்டையும் அதே செல் விவகாரம்தான். தலைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இணைப்பை அது மறைக்கும். உடம்பை அப்படியே நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் மாற்றலாம்.

கணக்குப் பாருங்கள். நொடிக்கு 24 பிரேம் என்றால் 7 நிமிடத்துக்கு 10,080. ஒரே வரைபடத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தாலும் ஒரு பாத்திரத்துக்கே 5,040 வரைய வேண்டும். திரையரங்குக்காக எடுத்த டாம் அண்ட் ஜெர்ரிக்கு அது கட்டுப்படியானது. 1957-ல் அதைத் தயாரித்த எம்ஜிஎம் நிறுவனம் கார்ட்டூன் பிரிவை மூடியதும், அதை உருவாக்கிய ஹன்னாவும் பார்பராவும் தொலைக்காட்சிக்கு வந்து யோகி கரடி போன்றவற்றை எடுத்தார்கள். அங்கே கிடைத்த காசு பழையதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால்தான் பாத்திரம் ஓடும்போது பின்னால் திரும்பத் திரும்ப அதே ஜன்னல், அதே செடி. பின்னணிப் பட்டையின் இரு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் ஒட்டு தெரியாது. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. படம் அசையாத இடத்தில் குரலும் வசனமும் சுமந்தன. அவர்களின் ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் (1960) காதால் பார்க்க வேண்டிய கார்ட்டூன்!

*

டாம் அண்ட் ஜெர்ரியில் முகம் காட்டாத கறுப்பினப் பணிப்பெண் வரும் படங்களை இப்போது சிரித்துக்கொண்டே பார்க்க முடியவில்லை. 1960களிலேயே தொலைக்காட்சிக்காகச் சிலவற்றில் அவரை நீக்கி வேறொரு பெண்ணை வரைந்து சேர்த்தார்கள். வெடித்ததும் முகம் கறுத்துக் கேலிச்சித்திரமாக மாறும் காட்சிகளைப் பிற்பாடு வெட்டினார்கள். வெட்டு எங்கே என்று கண்டுபிடிக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், இசையைக் கேளுங்கள். இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லி ஒவ்வோர் அடிக்கும் அசைவுக்கும் தாளம் பொருத்தியிருப்பார். ஒரு நொடி போனாலும் இசை தடுக்கும்.

*

சின்ன வயதில் பார்த்ததுபோல் இல்லையே என்று நினைவைக் குறை சொல்லுமுன், இப்போது பார்க்கும் பிரதியைச் சோதியுங்கள். நொடிக்கு 25 பிரேம் ஓடும் PAL என்ற பழைய தொலைக்காட்சி முறையில் 7 நிமிடப் படம் 6 நிமிடம் 43 நொடியில் முடிந்துவிடும். சுருதியும் கிட்டத்தட்ட அரை ஸ்வரம் ஏறும். 4:3 படத்தை அகலத்திரைக்காக வெட்டினால் உயரத்தில் கால்வாசி போய்விடும்: பாதம் தெரியாவிட்டால் அதுதான் காரணம். 1950களின் சினிமாஸ்கோப் படங்களுக்கு இது தலைகீழ். அவற்றுக்குப் பழைய டிவியில்தான் பக்கவாட்டு வெட்டு. இதையெல்லாம்விட மோசம் கணினிச் சுத்திகரிப்பு. தூசி என்று நினைத்து மைக்கோட்டையே அழித்துவிடும். வேகமான அசைவில் படத்தை நிறுத்திப் பாருங்கள். மீசை பாதியில் அறுந்திருந்தால் வேறு பிரதி தேடுங்கள்.