கல்லூரி விளையாட்டுத் துறைகள்: லாபமா நட்டமா, எந்தக் கணக்கை நம்புவது?

கணக்குப்பிள்ளை:
அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு என்றாலே பணம் கொட்டுகிறது என்றுதான் இங்கே பலர் எழுதுகிறீர்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை 2023-24இல் சுமார் 33.2 கோடி டாலர் ஈட்டியது என்று ஒருவர் பெருமையாகப் போட்டிருந்தார். செலவைச் சொல்லவில்லை. அது சுமார் 32.5 கோடி. மிஞ்சியது 70 லட்சம் டாலர் அளவுதான். அதிகம் சம்பாதிக்கும் இடத்திலேயே இதுதான் நிலைமை.

கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவில் ஏறக்குறைய 1,100 கல்லூரிகள் இருக்கின்றன. 2019இல் சொந்த வருமானம் செலவைத் தாண்டிய துறைகள் வெறும் 25. இது என்சிஏஏவே வெளியிட்ட கணக்கு. மற்ற இடங்களில் பல்கலைக்கழகப் பொது நிதியும் மாணவர் கட்டணமும்தான் பள்ளத்தை நிரப்புகின்றன. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2014இல் பிக் டென் என்ற பெரிய கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) சேர்ந்தது, தொலைக்காட்சிப் பணம் வந்துவிட்டால் துறை சொந்தக் காலில் நின்றுவிடும் என்ற கணக்கில். பத்து வருடம் கழித்தும் பல்கலைக்கழகம்தான் கைகொடுத்து வருகிறது. லாபம் என்ற பேச்சை விட்டுவிட்டு, யார் காசில் இது நடக்கிறது என்று கேளுங்கள்.

பக்கை ரசிகன்:
சார், 25 என்ற எண்ணை எல்லோரும் எடுத்து வீசுகிறார்கள். அது எப்படி வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

இவை லாபம் பங்கு பிரிக்கும் கம்பெனிகள் இல்லை. பங்குதாரர் கிடையாது, டிவிடெண்ட் கிடையாது. வருடக் கடைசியில் பணம் மிஞ்சினால், ஏன் மிஞ்சியது என்றுதான் கேள்வி வரும். அதனால் வருகிற பணம் முழுவதும் செலவாகும்: கோச் சம்பளம், புது ஜிம், துடுப்புப் படகு அணி, நீச்சல் அணி. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து அனுப்பியபோது ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். நட்டத்தில் தள்ளாடும் தொழில் அப்படி ஒரு கையெழுத்துப் போடுமா? பணம் இருக்கிறது. செலவழிக்கத் தெரிந்தவர்கள் செலவழிக்கிறார்கள்.

அப்புறம் ஸ்காலர்ஷிப். வீரரின் டியூஷன் முழுவதையும் விளையாட்டுத் துறை பல்கலைக்கழகத்துக்குக் ‘கட்டுகிறது’. வெளி மாநில வீரர் என்றால் வெளி மாநில ரேட். துறையின் ஏட்டில் அது பெரிய செலவு. ஆனால் ஏற்கெனவே நடக்கிற வகுப்பில் இன்னொரு பையன் உட்கார்ந்தால் பல்கலைக்கழகத்துக்கு உண்மையில் எவ்வளவு கூடுதல் செலவு? இடது பாக்கெட்டிலிருந்து எடுத்து வலது பாக்கெட்டில் போட்டுவிட்டு, இடது பாக்கெட் காலி என்று அழுகிறோம்.

ரிச்மண்ட்வாசி:
தம்பி, பாக்கெட் கதை நன்றாக இருக்கிறது. அந்தப் பாக்கெட்டில் என் பணமும் இருக்கிறது.

நாங்கள் வர்ஜீனியாவில் இருக்கிறோம். என் மகள் படிப்பது ஒரு மாநிலக் கல்லூரி, பெயர் வேண்டாம். ஃபீஸ் ரசீதில் டியூஷன் தனியாக, கட்டாயக் கட்டணம் தனியாக வரும். அந்தக் கட்டாயக் கட்டணத்துக்குள் விளையாட்டுக்குப் போகிற பங்கு எவ்வளவு என்று ரசீதில் இருக்காது. கல்லூரி இணையதளத்தில் தோண்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். லேப் கட்டணத்தைவிடப் பல மடங்கு. அவள் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

இது எங்கள் வீட்டுப் புலம்பல் மட்டும் இல்லை. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்காக ஒரு மாணவரிடம் வாங்குவது ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் போயிருக்கிறது. இப்படியே போனால் எங்கே நிற்கும் என்றுதான் 2015இல் வர்ஜீனியா சட்டமன்றம் மானியத்துக்கு உச்சவரம்பு வைத்தது. ஆனால் அந்த வரம்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. பெரிய கான்ஃபரன்ஸ் அணிகளுக்குத் துறை வரவில் 20 சதவீதம், அடுத்த நிலைக்கு 55, அதற்கும் கீழே 70. சொந்த வருமானம் குறைந்த கல்லூரிதான் மாணவரிடம் அதிகம் வாங்கிக்கொள்ளலாம்! அங்கே படிப்பவர்களில் கடன் வாங்கிப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். இதை வெறும் கணக்கு எழுதும் முறை என்று தள்ளிவிடாதீர்கள்.

பக்கை ரசிகன்:
அக்கா, கட்டாயக் கட்டணத்தை நான் நியாயப்படுத்தவில்லை. எங்கள் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் அப்படி வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. ரசீதில் பிரித்துக் காட்டவேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான்.

ஆனால் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வருவதையும் எழுதவேண்டும் இல்லையா? 2007இல் ஃபுட்பால் கோச் நிக் சேபன் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது மாணவர்கள் சுமார் 25,000. பத்து வருடத்தில் 37,000ஐத் தாண்டியது. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் வெளி மாநிலத்தவர், அதாவது கூடுதல் டியூஷன். அந்தப் பணம் விளையாட்டுத் துறையின் வரவில் ஒரு வரிகூட வராது.

கணக்குப்பிள்ளை:
அலபாமாவை மட்டும் எடுத்தால் எப்படி? அதே காலத்தில் மாநில அரசு உதவி குறைந்தது. பல்கலைக்கழகம் வெளி மாநிலங்களுக்கு ஆள் அனுப்பி, நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கு ஸ்காலர்ஷிப்பை வாரி இறைத்தது. எவ்வளவு சேபனால், எவ்வளவு ஸ்காலர்ஷிப்பால் என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. பல பல்கலைக்கழகங்கள் இதே ஆசையில்தான் கோச்சுக்குக் கோடிகளைக் கொட்டுகின்றன. ஒரு வருடத்தில் சாம்பியன் ஒருவர்தான். மற்றவர்களின் செலவுக்கு என்ன பதில்?

டியூஷன் விஷயத்தில் உங்கள் வாதம் காலி இடம் இருக்கிற கல்லூரிக்குப் பொருந்தும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பொருந்தாது. அங்கே ஒரு வீரருக்குக் கொடுக்கும் இடம், முழுக் கட்டணம் கட்டத் தயாராக நிற்கிற இன்னொருவரின் இடம். அது உண்மையான செலவு.

பெர்க்லியையே எடுத்துக்கொள்வோம். ஸ்டேடியத்துக்கு அடியில் ஹேவர்ட் நிலப்பிளவு ஓடுகிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி 32 கோடி டாலர் செலவில் புதுப்பித்து 2012இல் திறந்தார்கள், எல்லாம் கடன். நீண்டகால இருக்கை உரிமைகளை விற்று அடைத்துவிடலாம் என்று போட்ட திட்டம் பலிக்கவில்லை. 2018இல் அந்தக் கடனின் பெரும் பங்கை விளையாட்டுத் துறையிடமிருந்து வளாக நிர்வாகம் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. துறையின் ஏட்டில் நிலைமை தேறியது. கடன் ஒரு டாலர்கூடக் குறையவில்லை.

இன்னொன்று. பெர்க்லியோடு ஒரே கான்ஃபரன்ஸில் இருந்த யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்) பிக் டென்னுக்குப் போனதால் பெர்க்லிக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடாக ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் தரவேண்டும் என்று பல்கலைக்கழகத்தை ஆளும் ரீஜென்ட்ஸ் குழு 2024இல் முடிவு செய்தது. இரண்டும் ஒரே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள். ஒன்றின் செலவு மற்றதன் வரவு. அதே 2023-24இல் யூசிஎல்ஏ காட்டிய பற்றாக்குறை 5 கோடி டாலருக்கு மேல். இப்போது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து யாருக்கு லாபம் என்று சொல்லுங்கள்.

அதனால் நான் பார்ப்பது மூன்றுதான்: மாணவர் கட்டணத்தையும் பல்கலைக்கழக மானியத்தையும் கழித்தபின் வரவு எவ்வளவு, கடன் தவணை யார் பெயரில் இருக்கிறது, டியூஷன் எந்த ரேட்டில் எழுதப்பட்டது. தனியார் பல்கலைக்கழகங்களை இந்தப் பட்டியலிலேயே சேர்க்கமாட்டேன். நோட்ரடாம், ஸ்டான்ஃபோர்ட் எல்லாம் வெளியே காட்டுவது அமெரிக்க அரசின் கல்வித்துறைக்குத் தரும் சுருக்கக் கணக்கை மட்டும்தான். அந்தப் படிவத்தில் வரவும் செலவும் கடைசி டாலர் வரை சமமாகக் காட்டும் கல்லூரிகள் ஏராளம். அதில் என்னத்தை ஒப்பிடுவது?

பக்கை ரசிகன்:
மூன்றோடு நான்காவதும் சேருங்கள்: ஒரே ஒரு வருடத்தை வைத்துப் பேசக்கூடாது. ஒஹாயோ ஸ்டேட் 2022-23இல் ஈட்டியது 28 கோடி. அடுத்த வருடம் வரவு 25.5 கோடி, செலவு 29 கோடிக்கு மேல். பத்திரிகைகளில் ‘பணக்கார அணிக்கே பற்றாக்குறை’ என்று தலைப்பு. முக்கியமான காரணம், 2022இல் சொந்த மைதானத்தில் எட்டு ஆட்டம், 2023இல் ஆறு. ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கை உள்ள ஸ்டேடியத்தில் இரண்டு சனிக்கிழமை பூட்டிக் கிடந்தால் கணக்கில் தெரியத்தான் செய்யும்.

ரிச்மண்ட்வாசி:
சரி, இனி வருவதைச் சொல்லுங்கள். 2025 ஜூனில் வீரர்கள் என்சிஏஏமீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்டார். அதன்படி 2025-26இல் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி டாலர் வரை தரலாம். ஆடுகிறவர்களுக்குக் காசு போய்ச் சேருவதில் எனக்கு மகிழ்ச்சிதான், அவர்கள் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்த பணம் அது. ஆனால் தொலைக்காட்சிப் பணம் வராத கல்லூரி அதை எங்கிருந்து எடுக்கும்?

பக்கை ரசிகன்:
அது உச்சவரம்பு அக்கா, கட்டாயம் இல்லை. முடியாதவர்கள் தரவேண்டாம். கோச் சம்பளத்தைக் குறைத்தும் தரலாம்.

கணக்குப்பிள்ளை:
முடியாதவர்கள் சும்மா இருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பக்கத்து மாநிலக் கல்லூரி தந்தால் இவர்களும் தருவார்கள், கோச் சம்பளம் அப்படியே இருக்கும். 2025-26க்கான அறிக்கைகள் வரும்போது மாணவர் கட்டண வரியை முதலில் பாருங்கள்.

ரிச்மண்ட்வாசி:
எங்கள் கல்லூரி நிர்வாகக் குழு அடுத்த ஆண்டுக் கட்டணத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் பெற்றோர் பேசலாம். அந்தப் பங்கை ரசீதில் தனியாக அச்சிடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். வர்ஜீனியாவில் பிள்ளை படிக்கிறவர்கள் யாராவது கூட வருவதாக இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.