மூளை வினாடி வினா நடத்தினவங்க, கலந்துகிட்டவங்க: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

அனாட்டமி அக்கா:

ஒன்பதாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு மூளை, நரம்பு பத்தி மட்டும் ஒரு வினாடி வினா. எங்க மருத்துவக் கல்லூரியில உடற்கூறியல் துறைதான் நடத்துது. 'பிரெய்ன் பீ'ன்னு உலக அளவுல ஒரு போட்டி இருக்கு. 1998-ல அமெரிக்காவுல மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்பர்ட் மிஸ்லின்ஸ்கி தொடங்கினது. ஊர் அளவுல ஜெயிச்சா தேசிய அளவு, அங்கே ஜெயிச்சா உலகப் போட்டி. எங்களோடது அதோட கிளை இல்ல, அதைப் பார்த்து நாங்களா அமைச்சுக்கிட்டது. எழுத்துத் தேர்வு, ஸ்பாட்டர், நோயாளிச் சுற்று, கடைசியா மேடை.

முதல் தலைவலி தேதி. உலகம் முழுக்க மூளை விழிப்புணர்வு வாரம் மார்ச்சுல வரும். நம்ம ஊர்ல மார்ச்சுன்னா பொதுத்தேர்வு. எந்தத் தலைமை ஆசிரியர் பிள்ளைகளை அனுப்புவார்? அதனால அரையாண்டுக்கு முன்னாடியே முடிச்சுடறோம்.

எழுத்துத் தேர்வு பத்திச் சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. நீட் கோச்சிங் போற பசங்க பிச்சு உதறிடுவாங்க. ஆனா அதே பசங்க, நாலு விடை கொடுக்காம கேட்டா முழிப்பாங்க. "மேடம், ஆப்ஷன் இல்லையா?"ன்னு கேக்காத பையன் கிடையாது.

ஸ்பாட்டர் ரூம் கதை வேற. மேஜைக்கு ஒரு நிஜ மூளை மாதிரி இருக்கும், கொடி காட்டற பாகத்தோட பேரை எழுதணும், பெல் அடிச்சா அடுத்த மேஜைக்கு நகரணும். ஊசியில கொடி குத்தி வச்சா, குனிஞ்சு பாக்குற பொண்ணோட துப்பட்டா பட்டுச் சாஞ்சிடும். தாலமஸ்ங்கற பாகத்துல நின்ன கொடி பக்கத்துல இருக்கற காடேட்ங்கற பாகத்தைக் காட்டும். அப்புறம் வர்ற பிள்ளைங்க எல்லாம் 'தப்பு'. இப்போ நரம்புகளுக்குக் கலர் நூல் கட்டிடறோம், உள்பகுதிக்கு மட்டும் ஊசி, ரெண்டு மேஜைக்கு ஒரு பி.ஜி. (மேல்படிப்பு படிக்கிற) டாக்டர் காவல். போன் உள்ளே வரக் கூடாது. உடல்தானம் கொடுத்தவங்களோட மூளை அது, செல்ஃபி எடுக்கற பொருள் இல்ல.

ஒரு பையனோட அப்பத்தா, கூட வந்த டீச்சருக்கே போன் போட்டுட்டாங்க: "வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி தலைக்கு ஊத்திட்டு வரச் சொல்லுங்க." பையன் போனை வாங்கி, "ஃபார்மலின் வாடைக்கே குளிச்சுத்தான் ஆகணும் அப்பத்தா"ன்னான். மூளை கெடாம இருக்க ஊத்தி வைக்கற மருந்துதான் ஃபார்மலின்.

எனக்குப் பிடிச்சது நோயாளிச் சுற்று. ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பசங்களுக்கு ஒரு நோயைச் சொல்லி நடிக்க விடுவோம். பிள்ளைங்க பார்த்து, கேள்வி கேட்டு, என்ன நோய்னு காரணத்தோட எழுதணும். ஒரு தடவை ஒருத்தருக்குப் பார்க்கின்சன் கொடுத்திருந்தோம். கை நடுக்கம், மெதுவான நடை, உணர்ச்சி காட்டாத முகம், எல்லாம் பிரமாதம். பசங்க வரிசையா வந்து பார்க்கின்சன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அரசுப் பள்ளியிலேர்ந்து வந்த ஒரு பதினோராம் வகுப்புப் பொண்ணு மட்டும் மேஜை மேல இருந்த டம்ளரைக் காட்டி, "அண்ணா, இந்தத் தண்ணியை எடுத்துக் குடிங்க"ன்னுச்சு. நம்ம ஆளு உற்சாகத்துல டம்ளரைத் தொட்டதும் கையை இன்னும் பலமா ஆட்டினார், பாதித் தண்ணி சட்டையில. அடுத்து, "உங்க பேரை எழுதுங்க." பெரிய பெரிய எழுத்தா கிறுக்கினார். அந்தப் பொண்ணு தாள்ல எழுதினது: "நடை பார்க்கின்சன் மாதிரி இருக்கு. ஆனா பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போது அதிகம், பொருளை எடுக்கப் போனா குறையணும். எழுத்தும் சின்னதாகணும். இவருக்கு ரெண்டுமே நேர்மாறு. எசென்ஷியல் ட்ரெமர்." அது வேலை செய்யும்போது கை நடுங்கற வேற ஒரு நோய்.

எங்க விடைக்குறிப்புல இருக்கறது பார்க்கின்சன். நடுவர்கள் மூணு பேரும் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினாங்க.

நரம்பு டாக்டர்:

அந்த மூவரில் நானும் ஒருவன். பேச அதிகம் இருக்கவில்லை. அந்த நடிப்புக்கு என்னை மருந்து எழுதச் சொல்லியிருந்தால், எசென்ஷியல் ட்ரெமருக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலால்தான் எழுதியிருப்பேன். அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண். பார்க்கின்சன் என்று எழுதியவர்களுக்கும் கொடுத்தோம், நடையையும் முகத்தையும் பார்த்து எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் மட்டும், "விடைக்குறிப்பில் இல்லாததற்கு எப்படி மார்க் போடுவது?" என்று கடைசி வரை முணுமுணுத்தார். அவரைப் போன்றவர்களும் குழுவில் இருக்கட்டும். இல்லையென்றால் அழகாகப் பேசுகிற பிள்ளைக்கெல்லாம் மார்க் போட்டுவிடுவோம்.

இதைவிடப் பெரிய சண்டை வேறோர் ஊரில். மனித மூளையில் எத்தனை நியூரான்கள் (நரம்பு செல்கள்) என்று கேள்வி. விடைக்குறிப்பில் 10,000 கோடி. ஒரு மாணவன் 8,600 கோடி என்று எழுதியிருந்தான். தவறு என்று அடித்துவிட்டார்கள். அவன் அழவில்லை, கத்தவில்லை. "சார், 10,000 கோடியை யார் எண்ணினார்கள்?" என்று கேட்டான். மேடையில் யாரிடமும் பதில் இல்லை. அந்த எண் காலங்காலமாகப் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவியே வந்தது. பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ ஹௌசெல் குழுவினர் மூளையைக் கரைத்துக் கூழாக்கி, செல் உட்கருக்களை எண்ணிப் பார்த்து 2009-ல் வெளியிட்டதுதான் 8,600 கோடி. நியூரான்களைவிட, அவற்றுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்கள் பத்து மடங்கு என்பதும் அந்தக் கணக்கில் அடிபட்டுப்போனது. இரண்டும் ஏறத்தாழ சமம்தான்.

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று போடும் படமும் இதே ரகம். சுவை எல்லாம் நாக்கு முழுக்கவே தெரியும். கேள்வி எழுதுகிறவர்கள் தாம் பள்ளியில் படித்ததை நம்பி எழுதக் கூடாது. என்னைக் கேட்டால், ஒரு கேள்விக்கு விடை எழுதுவதைவிட அந்த விடையோடு சண்டை போட ஓர் ஆளை நியமிப்பது முக்கியம். "மிக நீளமான கபால நரம்பு (மூளையிலிருந்து நேரே கிளம்பும் நரம்பு) எது?" என்று ஒருவர் எழுதியிருந்தார். வயிறு வரை போகும் வேகஸ் என்பான் ஒருவன். மண்டைக்குள் ஓடும் நீளத்தைக் கணக்கிட்டு ட்ராக்ளியர் என்பான் இன்னொருவன். "மூளைத்தண்டின் பின்பக்கமாக வெளிவரும் ஒரே கபால நரம்பு எது?" என்று கேட்டால் தீர்ந்தது. ட்ராக்ளியர் தவிர வேறு விடை கிடையாது.

விலங்கியல் வாத்தியார்:

அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். காலை எட்டரைக்குப் பதிவு என்று போடுகிறீர்கள். எங்கள் ஊரில் முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான். பிள்ளைகள் சாப்பிடாமல் வந்து, ஃபார்மலின் வாடையில் நிற்கிறார்கள். ஸ்பாட்டர் அறையில் மயங்கி விழுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பயம் காரணமில்லை, பசிதான். முதலில் இட்லியைப் போடுங்கள் அம்மா, அப்புறம் மூளையைக் காட்டுங்கள்.

கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிப்பது சரி. ஆனால் கடிகாரத்தை ஆங்கிலத்தில் வாசித்ததுமே ஓட விட்டுவிடுகிறார்கள். தமிழில் வாசித்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. இரண்டும் முடிந்த பிறகுதான் ஓட வேண்டும்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் தனிப் பாடமாகவே இருக்கிறது. படம் வரைந்து பாகம் குறிப்பதில் எங்கள் பிள்ளைகள் யாருக்கும் சளைத்தவர்களில்லை. ஆனால் படத்தில் பெருமூளை ஒரு நிறம், சிறுமூளை ஒரு நிறம். நேரில் எல்லாமே ஒரே பழுப்பு. பெரிய தனியார் பள்ளிக்காரர்கள் பிளாஸ்டிக் மாடலில் பழகி வருகிறார்கள். போட்டிக்கு முன் அரைமணி நேரம் எல்லோருக்கும் ஒரு மூளையைக் கையில் கொடுத்துக் காட்டினால் என்ன? பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் மூளை அருங்காட்சியகம் வைத்து, வருகிறவர்களைத் தொட்டுப் பார்க்கவே விடுகிறார்கள். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் கையுறையோடு மூளையை ஏந்தி, "சார், ஒன்றே கால் கிலோகூட இல்லை போல, இதுதான் நம்ம சோத்துல அஞ்சுல ஒரு பங்கைத் தின்னுதா?" என்றான். அந்தக் கணக்கு நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவனாகப் படித்தது.

முன்னாள் போட்டியாளர்:

மூணாவது இடம் வந்தவன் நான், இப்போ பிசியோதெரபி படிக்கிறேன். ஸ்பாட்டர், நோயாளி எல்லாம்கூட ஓகே. மேடைச் சுற்றுதான் கொடுமை. எல்லாரும் சிலேட்டுல எழுதித் தூக்கிக் காட்டணும். "மூளையில் நியூரான்கள் எந்தப் பகுதியில் அதிகம்?"னு கேட்டாங்க. நான் முதல்ல சிறுமூளைன்னு எழுதினேன். பக்கத்துல ரெண்டு பேர் பெருமூளைப் புறணின்னு (பெருமூளையோட வெளி அடுக்கு) எழுதறது ஓரக்கண்ல தெரிஞ்சுது. அழிச்சுட்டேன். சிறுமூளைதான் விடை, 6,900 கோடி அங்கேதான் இருக்காம், புறணியில 1,600 கோடிதான். இப்போகூட சிலேட்டைப் பார்த்தா எரிச்சல் வருது. தயவுசெஞ்சு நடுவுல ஒரு அட்டையாவது நிறுத்துங்க மேடம்.

இன்னொண்ணு, பழைய போட்டியாளருங்க நோயாளியா நடிக்க வரலாமா?

அனாட்டமி அக்கா:

வாத்தியார் சார், இட்லியும் கடிகாரமும் இந்த வருஷமே சரி பண்ணிடறோம். அரைமணி நேர அறிமுகத்துக்குத் துறைத் தலைவர்கிட்டே அனுமதி கேக்கணும், கேக்கறேன். டாக்டர் சொன்ன 'சண்டை போடற ஆள்' அவரேதான், கேள்வித்தாளை அனுப்பி வைக்கறேன். இன்பாக்ஸ்ல பழைய கேள்வித்தாள் கேட்ட பெற்றோர் யாருக்கும் தர்றதா இல்ல. 'பிரெய்ன் ஃபேக்ட்ஸ்' புத்தகம் இணையத்துல இலவசமாவே இருக்கு, பிள்ளைங்களை அதைப் படிக்கச் சொல்லுங்க.

தம்பி, தாராளமா வா. அட்டையும் நிறுத்திடலாம். உனக்குப் பக்கவாதம். இடது கை தூக்க முடியாது, இடது பக்க வாய் தொங்கணும். ஆனா நெத்தியைச் சுருக்கச் சொன்னா ரெண்டு பக்கமும் சுருக்கணும். இடது நெத்தியும் சேர்ந்து சுருங்காம போச்சுன்னா அது பெல்ஸ் பால்சி (முக நரம்பு மட்டும் செயலிழக்கற நோய்) மாதிரி ஆயிடும், இந்தப் பசங்க விடமாட்டாங்க. கண்ணாடி முன்னாடி நல்லாப் பழகிட்டு வா.