விடாக்கோப்பு: நீக்கியும் இடம் விடாத கோப்புக்கு ஒரு சொல்

வணக்கம். நீக்கிய பிறகும் ஓடும் நிரல் (புரோசஸ்) ஒன்று திறந்தே வைத்திருப்பதால் வட்டில் இடம் பிடித்திருக்கும் கோப்பைத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் வந்த யோசனை இது:

> 'அனாதைக் கோப்பு' என்றே வைத்துவிடலாம் அண்ணே. ஆங்கிலத்திலும் அதுதானே வழக்கு?

வேண்டாம் தம்பி. அனாதை என்றால் யாரும் இல்லாதது. இதற்கு ஆள் இருக்கிறது. பிடித்த பிடியை விடாமல் இருக்கிறது, அதுதான் சிக்கலே. வட்டு பழுதாகி எஃப்எஸ்சிகே என்ற சரிபார்க்கும் கருவியை ஓட்டியபின் 'லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்' அடைவில் வெறும் எண்ணோடு வந்து விழுகிறதே, அதற்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம்.

போன வாரம் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடை சர்வரில் பட்டது இது. 80 ஜிபி வட்டு. பில் போட முடியவில்லை என்று ராத்திரி பத்தரைக்குப் போன். வட்டின் இடக்கணக்கைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளை 100 சதம் நிரம்பிவிட்டது என்கிறது. கோப்புகளின் அளவைக் காட்டும் 'டியூ' கட்டளை போட்டுக் கூட்டினால் 29 ஜிபிதான். ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை வழக்கமாக நிர்வாகிக்கென்று ஒதுக்கும் 5 சதம், அதாவது 4 ஜிபி, போனாலும் 47 ஜிபியைக் காணோம். ஒரு ஜிபிக்கு மேல் உள்ளதை 'ஃபைண்ட்' வைத்துத் தேடினாலும் அகப்படவில்லை. கடைசியில், திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையான 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' காட்டிக்கொடுத்தது: இடம் பண்ணுவதற்காகக் கடைப் பையன் சாயங்காலம் நீக்கிய லாக் கோப்பை ஜாவா புரோசஸ் இன்னும் திறந்தே வைத்திருந்தது. அடைவில் பெயர் போய்விட்டது, கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடு போகவில்லை. டியூ பெயர் பெயராகப் போய் எண்ணும். டிஎஃப் கோப்பு முறைமையிடமே கணக்குக் கேட்கும். புரோசஸை நிறுத்தித் தொடங்கியதும் அத்தனை இடமும் திரும்பியது.

அந்த நேரத்தில் போனில் அந்தப் பையனிடம் சொல்ல என்னிடம் ஒரு சொல் இல்லை. "டெலீட் ஆயிருச்சு, ஆனா இடம் போகலை" என்றேன்; அவன் பயந்துபோனான்.

விடாக்கோப்பு என்போம். 'விடாக்கண்டன் கொடாக்கண்டன்' என்பதில் வரும் அதே விடா. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே ஒற்று மிகும். 'விடாகோப்பு' என்று எழுத வேண்டாம். விடாதது புரோசஸ்தானே, கோப்பா என்று கேட்பீர்கள். படிக்காத புத்தகம் என்கிறோம், படிக்காதது புத்தகமா?

முன்பு யோசனையாக வந்த 'பிடிகோப்பு' அழகான வினைத்தொகை. ஆனால் திறந்திருக்கும் எல்லாக் கோப்பும் பிடித்த கோப்புதான். விடவேண்டிய வேளையில் விடவில்லை என்பது அதில் வராது.

பெரிய கோப்புகளைத் தேடிக் களையும் வேலைக்குத் 'தூர்வாரல்' எனக்குச் சம்மதம். கண்மாய் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

மொழிபெயர்ப்பில் 'திறந்த நிலையிலுள்ள நீக்கப்பட்ட கோப்பு' என்று நீண்டு கிடக்கும் வரியை இப்படி மாற்றி, வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்: "3 விடாக்கோப்புகள் 47 ஜிபி இடத்தைப் பிடித்துள்ளன."