அஜாட்: தமிழில் என்ன சொல்லலாம்? (திங்களுக்குள் தேவை)

ஈப்போவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மலேசியத் தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் போர்னியோ தீவின் கைவினை பற்றி ஒரு துணைப்பாடம் எழுதுகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகவேண்டும். அங்குள்ள பழங்குடிகளான பெனான் மக்களும் கென்யாஹ், காயான் மக்களும் காட்டுக்குப் போகும்போது முதுகில் மாட்டிக்கொள்ளும் உருளைக் கூடை ஒன்று உண்டு. பெனான் மொழியில் அஜாட். இரண்டு தோள்வார், வாயைக் கட்டச் சுருக்குக் கயிறு. பிரம்பைக் கீறி, ஒரே அகலத்துக்குச் சீவி, ஒரு பங்கை இலைகளோடு அவித்துச் சேற்றில் புதைத்துக் கறுப்பாக்குவார்கள். பிறகு கறுப்பும் வெளுப்புமாக நெருக்கிப் பின்னுவார்கள். வெறும் 'கூடை' என்றால் பிள்ளைகள் சந்தைக் கூடையை நினைக்கிறார்கள். கனத்த சுமைக்கு நெற்றியில் மாட்டும் பட்டைக்கும் ஒரு சொல் வேண்டும்.

('கென்யாஹ்' என்று வேண்டுமென்றேதான் எழுதியிருக்கிறேன். அந்த ஹ் இல்லாவிட்டால் பிள்ளைகள் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுகிறார்கள்.)

கோவையிலிருந்து:

முதுகுக்கூடை. நெற்றிவார். அவ்வளவுதானே அம்மா?

தஞ்சையிலிருந்து:

அவ்வளவு அவசரம் எதற்குத் தம்பி? முதுகுக்கு 'வெரிந்' என்ற பழஞ்சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லின் புணர்ச்சிக்காகவே தொல்காப்பியர் புள்ளி மயங்கியல் என்னும் இயலில் இரண்டு நூற்பா ஒதுக்கியிருக்கிறார். ஈற்று நகரம் முழுதும் கெட்டு மெல்லெழுத்து வரும். வல்லெழுத்து மிகுதலும் உண்டு. உரைகாரர்கள் வெரிங்குறை, வெரிக்குறை என்று காட்டுவார்கள். ஆகவே வெரிங்கூடை, வெரிக்கூடை இரண்டும் இலக்கணப்படி சரி. என் ஓட்டு வெரிக்கூடைக்கு.

சென்னையிலிருந்து:

ஐயா, பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள். வெறி பிடித்த கூடை என்று படிப்பார்கள்.

தஞ்சையிலிருந்து:

ரகர றகர வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

திருச்சியிலிருந்து:

'பிரம்புச் சுமைக்கூடை' என்றால் செய்பொருளும் விளங்கும். ஆனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் 'அஜாட்' பாடத்தில் வரக்கூடாது. ஜகரம் தமிழெழுத்து அன்று. அசாட்டு என்று எழுதலாம்.

ஈப்போவிலிருந்து:

அதை 'அசட்டு' என்று படித்தால் நான் என்ன செய்வேன்? அப்புறம், இங்கே பிரம்பு என்றதும் பிள்ளைகள் என் கையைத்தான் பார்க்கிறார்கள். பிரம்புக்கு மலாய்ச் சொல் ரோத்தான்; ரோத்தான் என்றால் அவர்களுக்கு அடி.

பினாங்கிலிருந்து:

பிரம்பைப் பெயரிலேயே வைப்பது வேறு விதத்திலும் சிக்கல். போர்னியோவின் மலேசிய மாநிலமான சரவாக்கில், மிரியிலும் குச்சிங்கிலும் இன்று விற்கும் பெனான் கூடைகளில் பல, பிளாஸ்டிக் பட்டையால் பின்னியவை. பின்னல் பழையது, கறுப்புக் கோலமும் பழையது, பொருள் மட்டும் வேறு. மரம் வெட்டுவோர் காட்டை அழித்தபின் நல்ல பிரம்புக்கு நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கிறது. 1987இல் சரவாக்கின் பாராம் பகுதியில் பெனான் மக்கள் மரலாரிச் சாலைகளை மறித்து நின்றது பாடத்தில் ஒரு வரியாவது வரட்டும். பிளாஸ்டிக் நனைந்தாலும் மக்காது, விற்பனைக்குப் பல நிறத்திலும் பின்னலாம். நம் ஒயர் கூடையும் அப்படி வந்ததுதானே? அதைப் 'பிரம்புக்கூடை' என்றால் பிள்ளைகளே திருத்துவார்கள்.

எழுத்துச் சண்டைக்கு ஒரு வழி: போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தான் பக்கம் இதே கூடையை 'அஞ்சாட்' என்பார்கள். ஜகரமே தேவையில்லை.

திருச்சியிலிருந்து:

அஞ்சாட் ஏற்கத்தக்கது. ஈற்றில் உகரம் சேர்த்தால் இன்னும் நன்று.

ஈப்போவிலிருந்து:

பாடத்தில் இருக்கும் படம் சரவாக்கில் எடுத்தது. படத்தில் இருக்கும் அம்மா அதை அஜாட் என்பார். நம் எழுத்துக்காக அவர் சொல்லை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஹட்டனிலிருந்து:

இவ்வளவு பேசுகிறீர்கள், இலங்கை மலையகத்தை மறந்துவிட்டீர்களே! எங்கள் அம்மாமார் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டுத்தான் தேயிலைக் கொழுந்து பறித்தார்கள். கயிறு அழுத்தாமல் இருக்கத் துணியை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பெயர் கொழுந்துக்கூடை. முதுகா, வெரிநா என்று யாரும் கேட்டதில்லை. என்ன சுமக்கிறதோ அதுதான் பெயர்.

சென்னையிலிருந்து:

அக்கா, கொழுந்துக்கு அது சரி. அஜாட்டில் துணி, அரிசி, வேட்டைக்கறி என்று எல்லாம் போகும். எதை வைத்துப் பெயரிடுவது?

தஞ்சையிலிருந்து:

சரி, கூடையை விடுங்கள். பாடத்துக்குத் தலைப்பு வேண்டுமே? கூடை, பாய், ஓலைத்தொப்பி எல்லாம் சேர்ந்த வழிநடைப் பொருளுக்குக் 'கலப்பை' என்று வையுங்கள். புறநானூறு 206இல் ஔவை கோபித்துக்கொண்டு கிளம்பும்போது என்ன சொல்கிறார்? "காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை." கலங்களை இட்ட பை கலப்பை. மலைபடுகடாத்திலும் கூத்தர்களைக் 'கலப்பையிர்' என்றே அழைக்கிறார்கள்.

கோவையிலிருந்து:

ஐயா, கலப்பை இப்போது ஏர். பெனான் மக்கள் காட்டுச் சவ்வரிசிப் பனையை வெட்டி, வேட்டையாடி வாழ்ந்தவர்கள். உழவே செய்யாதவர் முதுகில் கலப்பையை ஏற்றப் பார்க்கிறீர்களே!

தஞ்சையிலிருந்து:

ஏர் எனும் பொருள் எப்போது வந்தது என்று தனியே எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

சென்னையிலிருந்து:

அதற்குள் அந்த நெற்றிப் பட்டை. நெற்றிப்பட்டம் என்றால் யானை. நெற்றிப்பட்டை என்றால் திருநீறு. நுதல்வார் கேட்க அழகு, ஆனால் நுதல் யாருக்குத் தெரியும்? நெற்றிவாருக்கு மறுப்பு உண்டா?

(மறுப்பு வரவில்லை. எல்லோரும் கலப்பைக்குப் போய்விட்டார்கள்.)

ஈப்போவிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. மணி பன்னிரண்டு ஆகிறது. முதல் இடத்தில் "அஜாட் என்னும் முதுகுக்கூடை", அதன்பின் முதுகுக்கூடை மட்டும். நெற்றிவார் உண்டு. தலைப்பு 'பயணப் பொருட்கள்'.

திருச்சியிலிருந்து:

ஜகரத்துக்கு என் எதிர்ப்பைப் பதிவுசெய்கிறேன்.

தஞ்சையிலிருந்து:

வெரிக்கூடையை அடிக்குறிப்பிலாவது சேருங்கள் அம்மா. ஒரு வரிதான்.

ஹட்டனிலிருந்து:

கூடையோடு ஊதுகுழலும் எடுத்துப்போவார்களே, அதன் நச்சு ஊசிகளை வைக்கும் மூங்கில் குழலுக்கு என்ன போட்டீர்கள்?

சென்னையிலிருந்து:

தூணி? அம்பறாத்தூணி மாதிரி.

தஞ்சையிலிருந்து:

தூணி ஒரு முகத்தலளவையும் ஆகும். புட்டில் என்றொரு சொல் உண்டு...

ஈப்போவிலிருந்து:

ஐயா, அது ஆறாம் ஆண்டுப் பாடம்.