அடாப்டருக்கு 'மின்மடை': மறுப்புகளுக்கு என் விடை

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

மண்டபத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கான பழுதுநீக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கணினித் திரைக்கு மின்சாரம் தரும் அடாப்டரை எப்பெயரால் குறிப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கண்மாய் நீரைத் திறந்துவிடும் மடையை ஒப்பாக வைத்து நான் 'மின்மடை' என்றேன். 'தகவி', 'ஏற்பி', 'மின்னிறக்கி' என்றும், 'அடாப்டர்' என்றே விடலாம் என்றும் மற்றவர்கள் சொன்னார்கள்.

'தகவி'யை முன்மொழிந்த ஐயா, தகு (பொருந்து) என்னும் வேரிலிருந்து 'தக்கார் தகவிலர்' என்னும் குறள் வரை சென்று நிறுவிய பொருத்தத்தில் நான் குறை காணவில்லை. ஆயினும் சென்ற வாரம் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். 'முதலில் தகவியைச் சரிபார்க்கவும்' என்று படித்த மாணவி, திரையின் பின்புறம் குனிந்து, படம் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கம்பியைக் கழற்றி ஊதிவிட்டு மாட்டினார். தகவல் வரும் வழி என்று அவர் பொருள்கொண்டதைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. 'ஏற்பி' உயிரியல் பாடத்துக்கு உரியதாகிவிட்டது. 'மின்னிறக்கி', மின்னூட்டம் வெளியேறுவதைக் குறிக்கும் மின்னிறக்கத்தோடு மயங்கும்.

'மின்மடை' என்று நான் சொன்னதற்குக் காரணம் ஒரு பழுதுதான். வகுப்பில் உள்ள திரை ஒன்று, பொத்தானை அழுத்தியதும் ஒரு நொடி ஒளிர்ந்து அணைகிறது. வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் சற்று நேரம் தாக்குப்பிடிக்கிறது. அடாப்டரைக் கழற்றி அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் 19 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. ஆனால் திரையோடு இணைத்துப் பின்விளக்கு எரியத் தொடங்கியதும், அடாப்டருக்குள் மின்சாரத்தைத் தேக்கித்தரும் மின்தேக்கி உப்பிப்போனதால், சுமையைத் தாங்க இயலாமல் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. கண்மாய் மடை தூர்ந்திருந்தாலும், வயல் வாய்களெல்லாம் அடைபட்டிருக்கும்வரை வாய்க்காலில் நீர் நிறைந்தே தெரியும். வயலுக்கு வெட்டிவிட்டதும் மட்டம் இறங்கிவிடும். இதைச் சொன்ன பிறகு எந்த மாணவரும் சுமையில்லாத அளவீட்டை நம்பவில்லை.

மடை அதே நீரைத்தான் விடுகிறது, அடாப்டரோ 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்குகிறது என்பது ஒரு மறுப்பு. உண்மைதான். ஆனால் காரணப்பெயர் எல்லாக் காரணத்தையும் சுமக்க வேண்டியதில்லை. நாற்காலி என்பதைக் கேட்டு யாரும் பசுமாட்டை நினைப்பதில்லை.

பாம்பன் நண்பர், இராமேசுவரம் தீவின் மணலில் ஏது கண்மாய், ஏது மடை என்று கேட்டிருந்தார். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. தீவுக்கு இப்பால் உள்ள உச்சிப்புளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மடை கண்ணால் கண்ட பொருள். கடலோடிகளின் பிள்ளைகளுக்கு அது 'மடை திறந்த வெள்ளம்' என்னும் வழக்கில் கேட்ட சொல் மட்டுமே.

'அடாப்டர்' என்றே விடலாம் என்போர், தொல்காப்பியமே வேற்றுநிலச் சொல்லான திசைச்சொல்லுக்கு இடம் தருகிறது என்கிறார்கள். மற்றவர்கள், பகர மெய் தன்னோடன்றிப் பிற மெய்யோடு மயங்காது (சேர்ந்து வராது), எனவே 'ப்ட' தமிழுக்கு ஒவ்வாது என்கிறார்கள். நான் இலக்கணத்தைக் காட்டி அதை மறுக்கமாட்டேன், கடைத்தெரு முழுவதும் வழங்கும் சொல் அது. அதனால் பொருள் வாங்கலாம். பழுதைப் புரியவைக்க அது உதவவில்லை என்பதே என் குறை.

நேற்றிரவு வரை வந்த கருத்துகளில் 'அடாப்டர்' பக்கமே பெரும்பான்மை என்று தெரிகிறது. அப்படியே அச்சாகட்டும். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'மின்மடை'யைப் பிறைக்கோட்டுக்குள் சேர்க்க இசைவு வேண்டுகிறேன்.

எந்தச் சொல் நின்றாலும், இரண்டாம் பக்கத்தில் உள்ள '19 வோல்ட் காட்டினால் அடாப்டர் நன்றாக உள்ளது' என்ற வரியை நீக்கிவிடுங்கள். அவ்விடத்தில், அதே வோல்ட்டும் குறையாத ஆம்பியரும் முனையின் அதே அளவும் துருவமும் கொண்ட வேறோர் அடாப்டரை மாட்டிப் பார்க்க வேண்டும் என்றும், உப்புக்காற்றில் முனையில் பச்சை பூத்திருந்தால் முதலில் அதைத் துடைக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும் என்பதால், மாணவர்கள் அடாப்டரைத் திறக்கக் கூடாது என்பது தடித்த எழுத்தில் வரவேண்டும்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து