விடுபட்டவரைத் தேடி வந்தவர்கள்: வன்னியில் உளநல அமைப்புகளுடன் எங்கள் அனுபவங்கள்

விசுவமடுவிலிருந்து ஒரு தமையன்:

எனது தம்பிக்கு நோய் தொடங்கியபோது அவனுக்கு வயது 22. 2010ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செட்டிகுளம் முகாமிலிருந்து எங்கள் காணிக்குத் திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்தபடி கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த நாட்களில், அவன் இரவில் நித்திரை கொள்ளாமல் வேலியோரமாக நடக்கத் தொடங்கினான். வேலிக்கு அப்பால் யாரோ தன்னைப் பற்றிக் கதைப்பதாகச் சொன்னான். பின்னர் அம்மா கொடுக்கும் சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று கோப்பையைத் தள்ளிவிட்டான். போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. ‘காணக் கூடாததையெல்லாம் கண்ட பிள்ளை, கொஞ்ச நாளில் தெளிந்துவிடுவான்’ என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவன் தெளியவில்லை. நூல் கட்டினோம், பார்வை பார்த்தோம், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தோம். கடைசியில், வீதிக்கு ஓடி வாகனத்தில் அடிபட்டுவிடுவான் என்ற பயத்தில், மூன்று நாட்கள் அவனைக் கொட்டில் கப்பில் கட்டியும் வைத்தோம். இதை எழுதும்போது இன்றும் என் கை தயங்குகிறது. ஆயினும், இப்போது ஒரு பிள்ளையைக் கட்டி வைத்திருக்கும் வேறொரு குடும்பம் இதை வாசிக்கக்கூடும் என்பதால் மறைக்க மனம் வரவில்லை.

அக்காலத்தில் எங்கள் கிராமத்துக்கு ஏதாவதொரு அமைப்பு வராத கிழமை இல்லை. அவற்றில் ஒன்று உளவளத்துணைக்கென்றே வந்தது. வெள்ளை வாகனத்தில் வந்த பிள்ளைகள் மிகவும் அன்பாகக் கதைத்தார்கள், படிவம் நிரப்பினார்கள். அம்மா நடந்தவை அனைத்தையும் சொல்லி அழுதார். அடுத்த முறை வேறு இருவர் வந்தபோது, அம்மா அதே கதையை முதலிலிருந்து சொல்லி மீண்டும் அழுதார். இவ்வாறு நான்கு முறை நடந்தது. ஏழாவது மாதம் யாரும் வரவில்லை. தொலைபேசி எண்ணுக்கு அழைத்தபோது திட்டக் காலம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். வந்த பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் தம்பியின் நோய்க்குத் திட்டக் காலம் என்று ஒன்று இருக்கவில்லை. அவனுக்கு வந்தது உளப்பிளவு நோய் என்பதும், அதற்கு நீண்டகால மருந்து வேண்டும் என்பதும் அந்த ஏழு மாதங்களில் எங்களுக்கு விளங்கவேயில்லை.

அதை விளங்கச் செய்தவர் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் இருந்த ஒரு வைத்திய அதிகாரி. மாதம் ஒரு முறை போடும் ஊசியும் இரவில் ஒரு குளிசையும் தொடங்கிய மூன்றாம் மாதம், தம்பி தானாகவே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்தான். நாங்களும் சுகமாகிவிட்டது என்று முடிவு செய்து, நெல் வெட்டுக் காலத்தில் ஒரு கிளினிக்கைத் தவறவிட்டோம். நான்காம் நாள் காலை, ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் எங்கள் படலையடியில் வந்து இறங்கினார். அந்தப் பிரிவோடு சேர்ந்து இயங்கும் உள்ளூர்ச் சங்கம் ஒன்றின் பணியாளர் அவர். ‘தம்பி இந்த மாதம் வரவில்லை, அதுதான் பார்த்துப் போக வந்தேன்’ என்றார். எங்களைக் கேட்பதற்கு முன் தம்பியையே கேட்டார். வாயிலிருந்து எச்சில் வடிவதும் கை நடுங்குவதும் தனக்கு வெட்கமாக இருப்பதாகத் தம்பி அவரிடம் சொன்னான். அதற்கு முன் அதை எங்கள் ஒருவரிடமும் சொன்னதில்லை. அடுத்த கிளினிக்கில் மருந்தின் அளவு மாற்றப்பட்டது, நடுக்கத்துக்கு வேறொரு குளிசை சேர்க்கப்பட்டது.

அன்று அவர் வராதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே ஊரில், அதே நோயோடு, யாரும் தேடிப் போகாத இன்னொரு வீட்டில் அது நடந்தது. மற்றவர்களின் அனுபவங்களையும் அறிய விரும்புகிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து, முன்னாள் உளசமூகப் பணியாளர் ஒருவர்:

விசுவமடு அண்ணா, நீங்கள் சொன்ன அந்தப் படலையடிக்கு வருவதுதான் ஒன்பது ஆண்டுகளாக என் தொழிலாக இருந்தது. உங்கள் வீட்டுக்கு வந்தவர் நானல்ல, ஆனால் முறை ஒன்றுதான். கிளினிக் முடிந்ததும், வராதவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுவோம். ஒரு கிழமைக்குள் அந்த வீடுகளுக்குப் போயாக வேண்டும். போனவுடன் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்கக் கூடாது என்று எங்களுக்குக் கற்பித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படிக் கேட்டால் வீட்டார் குற்றவாளிகளைப் போல ஒடுங்கிவிடுவார்கள், உண்மையான காரணம் வெளியே வராது. திண்ணையில் இருந்து, தேத்தண்ணி தந்தால் குடித்து, அடுப்பு எரிகிறதா, நோயாளர் எங்கே படுக்கிறார், அவருக்கென்று தனிக் கோப்பை ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். தனிக் கோப்பை இருக்கும் வீட்டில் மருந்தைப் பற்றிக் கதைப்பதற்கு முன் கதைக்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

காரணங்கள் பெரும்பாலும் மருந்தோடு தொடர்பில்லாதவை. இரண்டு பேருக்கான பேருந்துக் காசு இருக்காது. தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடப்பதால் கிளினிக் கொப்பியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசைகள் வேலை செய்யத் தொடங்கவே சில கிழமைகள் ஆகும் என்பதை யாரும் நிதானமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்தாம் நாள், ‘ஒரு மாற்றமும் இல்லை’ என்று நிறுத்தியிருப்பார்கள்.

வன்னியில் இப்படி வீட்டுக்குப் போகும் பணி 2009க்குப் பிறகு தொடங்கியதன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அள்ளிச் சென்ற பின்னரும் பலர் பயிற்சி பெற்று இந்தப் பணியில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் சாந்திகம் வடக்கில் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்துவருகிறது. 2005இல் நாட்டின் உளநலக் கொள்கை வந்தபோது, சிகிச்சை அங்கொடை போன்ற கொழும்புப் பக்கப் பெரிய மனநல வைத்தியசாலைகளில் குவியாமல் மாவட்டங்களுக்கும் சமூகத்துக்கும் வர வேண்டும் என்பதே அதன் மையமாக இருந்தது. ‘அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்’ என்று ஒருவரை ஏசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, நோய் வந்தவரை ஊரை விட்டுத் தூரத்தில் வைப்பதுதான் சிகிச்சை என்று நாம் எவ்வளவு காலம் நம்பியிருக்கிறோம் என்பதை அந்தச் சொல்லே காட்டுகிறது.

என் பணியில் எனக்கு மிகுந்த துயரம் தந்தது ஊதியம் குறைவாக இருந்தது அன்று. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாமல் ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில் என் கொப்பியை யாரிடம் ஒப்படைப்பது என்று தேடியதுதான். அந்தக் கொப்பியில் நாற்பத்து மூன்று வீடுகள் இருந்தன. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த அம்மாவுக்குக் காது கேளாது, எந்தப் பிள்ளை பெண் பணியாளரோடு மட்டும் கதைக்கும் என்பதெல்லாம் என் தலையில் இருந்தது, கொப்பியில் இருக்கவில்லை. நிதி கொடுப்பவர்கள் எத்தனை பேருக்கு உளவளத்துணை வழங்கப்பட்டது என்று கேட்கிறார்கள். மூன்றாம் ஆண்டும் அதே ஆள் அதே வீட்டுக்குப் போகிறாரா என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

கிளிநொச்சியிலிருந்து ஒரு மகள்:

என் அம்மாவின் கதை சற்று வேறானது. என் அண்ணா 2009 மே மாதத்திலிருந்து இல்லை. ‘இல்லை’ என்று எழுதுவதையே அம்மா விரும்ப மாட்டார். ‘இன்னும் வரவில்லை’ என்றுதான் சொல்வார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அம்மாவும் அங்கே போய்வந்தார். அந்தியேட்டி செய்ய முடியாது, ஆண்டுத் திவசம் கொடுக்க முடியாது, அண்ணாவின் சேட்டுகளை யாருக்கும் கொடுக்கவும் முடியாது. அம்மா அவற்றை ஆண்டுக்கொரு முறை தோய்த்து மடித்து, வேப்பிலை போட்டு அதே பெட்டியில் வைப்பார்.

நித்திரையின்மையும் நெஞ்சுப் படபடப்பும் கூடியபோது, ஓர் அமைப்பின் உளவளத்துணையாளரிடம் அம்மாவை அழைத்துச் சென்றேன். அவர் நல்ல மனத்தோடுதான், ‘இழப்பை ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும் அம்மா’ என்றார். அம்மா எழுந்து வெளியே வந்துவிட்டார். பேருந்தில் வரும்போது என்னிடம், ‘எனக்கு வருத்தம் என்று சொல்லி என் பிள்ளையை முடித்துவைக்கப் பார்க்கிறார்கள்’ என்றார். அந்தச் சொல் என்னை நெடுநாள் விடவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், வன்னியில் நடந்ததைத் தனித்தனி மனிதர்களின் காயமாக மட்டும் பார்க்காமல், குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே ஏற்பட்ட காயமாகப் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதியிருக்கிறார். அம்மா பிறகு சேர்ந்த பெண்கள் குழுவில் அதன் பொருளை நேரில் கண்டேன். பொதுநோக்கு மண்டபத்தில் பதினொரு பெண்கள், பெரும்பாலும் தனியாகக் குடும்பத்தை நடத்துபவர்கள், கச்சான் உடைத்துக்கொண்டே கதைத்தார்கள். குழுவை நடத்திய அக்கா யாரையும் எதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. ஒரு நாள் ஒவ்வொருவரையும் தங்கள் பிள்ளைக்குப் பிடித்த சாப்பாட்டைச் சொல்லும்படி கேட்டார். அம்மா ஒடியற்கூழ் என்றார். அண்ணா மீன் தலையை எடுத்துக்கொண்டு நண்டை எனக்குத் தருவார் என்பதை அன்றுதான் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அம்மாவின் வாயால் கேட்டேன். அதுவரை அண்ணாவைப் பற்றிய பேச்செல்லாம் மனுக்களும் திகதிகளும் அடையாள அட்டை எண்ணுமாகவே இருந்தன.

எல்லாத் துயரமும் நோயன்று. ஆனால் துயரத்துக்குள் நோயும் வரும் என்பதை அந்த அக்கா கவனித்திருந்தார். அம்மா சாப்பாட்டைக் குறைத்து, காலையில் எழும்பவே விருப்பமில்லை என்று சொன்ன மாதத்தில், அவரே கூடச் சென்று வைத்தியரைக் காட்டினார். அம்மா சம்மதித்ததற்கு ஒரே காரணம், அந்த அக்கா அண்ணாவின் பெயரை ஒருபோதும் இறந்தகாலத்தில் சொன்னதில்லை என்பதே.

நெடுங்கேணியிலிருந்து ஒருவர்:

எனக்கு எந்த அமைப்பையும் நேரில் தெரியாது. சென்ற ஆண்டு ஓர் இரவு, தாங்க முடியாத நிலையில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். தமிழில் கதைத்தார்கள், அவசரப்படுத்தவில்லை. வயலுக்கு அடிக்கும் மருந்துகளை வீட்டில் வைக்காமல் மாமாவிடம் கொடுத்துப் பூட்டச் சொன்னார்கள். அடுத்த நாள் அப்படியே செய்தேன். இப்போது என் அப்பா மூன்று மாதங்களாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. அவரை எங்கே, எப்படிக் கொண்டு செல்வது? பதிவு செய்தால் எனக்கு அரச வேலை கிடைக்காமல் போகுமா? இங்கே கேட்பது தவறென்றால் மன்னிக்கவும்.

மீண்டும் ஒட்டுசுட்டானிலிருந்து:

தவறே இல்லை. அந்த இரவில் அழைத்ததும், அடுத்த நாள் மாமாவிடம் கொடுத்ததும் நீங்களே உங்களுக்குச் செய்த பெரிய உதவி. இந்த நாட்டில் 1990களின் நடுப்பகுதியில் மிக உயர்ந்திருந்த தற்கொலை விகிதம் பின்னர் வெகுவாகக் குறைந்ததற்கு, கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டது ஒரு முக்கிய காரணம். உங்கள் வீட்டில் நீங்கள் செய்ததும் அதே பாதுகாப்புத்தான்.

அப்பாவின் சிகிச்சை உங்கள் வேலையைத் தொடாது, கிளினிக் கொப்பி அவருடையது. அரச வைத்தியசாலையில் உளநலச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அருகிலுள்ள வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று, உளநல வைத்திய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் போதும். அப்பா வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய் நிலைமையைச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் கேட்கலாம், வீட்டுக்கு வருவதும் அவர்களின் பணிதான். அப்பா சாப்பாட்டையும் தண்ணீரையும் விட்டாலோ, சாகப்போவதாகக் கதைத்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நான் இப்போது சம்பளத்துக்குப் பணி செய்யவில்லை. ஆனால் நெடுங்கேணி எனக்குத் தூரமில்லை. உங்கள் பெயரை இங்கே எழுத வேண்டாம். தனிச் செய்தியில் வீட்டுக்கு வரும் வழியையும், அப்பா முன்பு என்ன தொழில் செய்தார் என்பதையும் மட்டும் அனுப்புங்கள். சனிக்கிழமை காலை வருகிறேன்.

விசுவமடுத் தமையன்:

அக்கா, போகும்போது சொல்லுங்கள். என் தம்பியும் வர விரும்புகிறான். பன்னிரண்டு ஆண்டுகளாக ஊசி போடுகிறான், இப்போது அரை ஏக்கரில் கச்சான் செய்கிறான். அறைக்குள் இருப்பவரோடு கதைக்கத் தனக்குத் தெரியும் என்கிறான்.